மலை வேட்டை ரைஃபிளுக்கு லேசான பேரல்: எது தேறும், எது தேறாது

மொன்டானா, ஐடஹோ பக்கம் எல்க், மியூல் மான் வேட்டைக்கு ரைஃபிள் கட்டுபவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் ஒன்றுதான்: ரெமிங்டன் 700 வகை ஷார்ட் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் குட்டைப் பொறி, 6.5 கிரீட்மோர் அல்லது .308 வின்செஸ்டர் தோட்டா, ஸ்கோப்போடு சேர்த்து ஏழு பவுண்டுக்குள் முடிய வேண்டும். ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) சீக்கிரம் முடிவாகிவிடும். பணமும் குழப்பமும் சேரும் இடம் பேரல், அதாவது குண்டு ஓடும் குழல். கடையில் நான்கு வழிகள் இருக்கின்றன: முனையில் 0.550 அங்குலம் இருக்கும் மிக ஒல்லியான எஃகு, 0.600 முதல் 0.650 வரையான நடுத்தர ஸ்போர்ட்டர் எஃகு, அதே ஸ்போர்ட்டரில் ஃப்ளூட் (வெளிப்புறப் பள்ளம்) வெட்டியது, கார்பன் நார் சுற்றியது. நம் தேர்வை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலோருக்கு இரண்டாவது, அதுவும் 22 அங்குலத்தில். மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை.

எடையும் விறைப்பும் ஒரே வேகத்தில் குறைவதில்லை, சிக்கலே அதில்தான். எடை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது; வளையாமல் நிற்கும் விறைப்போ நான்மடியைப் பொறுத்தது. 6.5 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குழாயில் பத்து அங்குல நீளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். வெளிவிட்டம் 0.750 என்றால் சுமார் 497 கிராம். 0.650 என்றால் 356 கிராம். 0.550 என்றால் 235 கிராம். 0.650-ல் இருந்து 0.550-க்கு இறங்கினால் மிச்சம் 120 கிராம், ஆனால் விறைப்பு பாதியாகிவிடுகிறது. 0.750-ஐயும் 0.550-ஐயும் நேருக்கு நேர் வைத்தால் விறைப்பில் 3.6 மடங்கு வித்தியாசம். ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் குறைந்த எடைக்காகப் பாதி விறைப்பை விற்கிறோம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட வேண்டும்.

நீளத்தைக் குறைப்பது இதைவிட நல்ல வியாபாரம். ஒரே தடிமனுள்ள குழாயில், முனையில் ஒரு பாரம் தொங்கும்போது ஏற்படும் வளைவு நீளத்தின் மும்மடியோடு கூடும். 24 அங்குலத்தை 22 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் ஏறுகிறது, எடையிலும் சுமார் 60 கிராம் போகிறது. எடையும் குறைந்து விறைப்பும் கூடுகிற ஒரே வழி இதுதான். விலையாகப் போவது வேகம்: 6.5 கிரீட்மோரில் ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 25 அடி. இரண்டு அங்குலத்துக்கு 40, 50 அடி. நானூறு கெஜத்துக்குள் சுடும் வேட்டைக்காரர் அதை உணரவே மாட்டார். எனவே ஒல்லியாக்கும் முன் குட்டையாக்குங்கள். 20 அங்குலமும் இந்தத் தோட்டாவுக்கு மோசமில்லை. பெரிய மேக்னம் தோட்டாக்களில் மட்டும் இதே யோசனை எடுபடாது. அவற்றின் வெடிமருந்து எரிய நீளம் வேண்டும். 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அமெரிக்கச் சட்டத்தில் அது வேறு வகைத் துப்பாக்கி, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முனையில் 0.600 உள்ள 24 அங்குல ஸ்போர்ட்டர் ஏறத்தாழ மூன்று பவுண்டு என்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) இருக்கும் முதல் ஐந்து அங்குலத்திலேயே இருக்கிறது. அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பகுதி என்பதால் அதன் விட்டத்தைத் தொடக்கூடாது. ஆனால் 1.2 அங்குல விட்டத்தில் நேராக ஓடும் ஷேங்க் (பேரலின் தடித்த பின்பகுதி) எத்தனை அங்குலம் நீள்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஷேங்க் ஓர் அங்குலம் குறைந்தால் 80 கிராம் போகும். முனையின் நடத்தை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். யாரும் கேட்காத கேள்வி இது. கேளுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்ற முடிவை மட்டும் அந்தத் தோட்டாவுக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவிடம் விட்டுவிடுங்கள்.

துளையின் அளவும் எடையைப் பேசும். வெளிவடிவமும் 24 அங்குல நீளமும் ஒன்றாகவே இருந்தாலும், .308 துளையிட்ட பேரல் .224 துளையிட்டதைவிடச் சுமார் 100 கிராம் குறைவு. ஒரு காண்டூருக்கு (வெளிவடிவத்துக்கு) ஒரே எடையை அச்சிட்டிருக்கும் பட்டியலை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பட்டியலில் அதைவிடப் பெரிய பொறி, பெயர்கள். ஷைலன், டக்ளஸ், க்ரீகர், பார்ட்லைன், லில்ஜா என்று பேரல் செய்பவர்கள் ஒவ்வொருவரும் காண்டூர்களுக்கு 1, 2, 3 என எண் போடுகிறார்கள், ஆனால் ஒருவருடைய 2 இன்னொருவருடைய 3-க்கு நெருங்கியிருக்கும். எண்ணைச் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். வரைபடத்தை வாங்கி நான்கு அளவுகளைப் பாருங்கள்: ஷேங்க் விட்டம், ஷேங்க் நீளம், கூம்புச் சரிவு முடியும் இடத்தின் விட்டம், முனை விட்டம். கடைசி அளவு எந்த நீளத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். 26 அங்குலத்தில் 0.600 என்று போட்டிருக்கும் பேரலை 22-ல் வெட்டினால் முனை 0.600 ஆக இருக்காது. ஓர் அங்குலத்துக்குப் பத்தாயிரத்தில் நூறு பங்கு வீதம் சரிவு இருந்தால் முனை 0.640 ஆகிவிடும். இது குறையல்ல, பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி. நாம் பரிந்துரைக்கும் பேரல் இப்படித்தான் கிடைக்கிறது: நீளத்தில் ஒல்லியாக முடியும் காண்டூரை வாங்கி 22-ல் வெட்டினால், எடை அவ்வளவாக ஏறாமல் முனையில் சதை நிற்கும்.

முனையில் சதை எதற்கு? மரைக்கு. பிரேக்கோ (உதைப்பைக் குறைப்பது) சப்ரஸரோ (சத்தத்தைக் குறைப்பது) மாட்டும் எண்ணம் துளியாவது இருந்தால், பேரல் தேர்வு முனையில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். .30 காலிபருக்கு வழக்கமான மரை 5/8-24 (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி). அதன் வெளிவிட்டமே 0.625. மாட்டும் பொருள் நேராக உட்கார, மரைக்குப் பின்னால் ஒரு தோள் வேண்டும், சுற்றிலும் 0.050 அங்குலமாவது தோள் கேட்பதுதான் நியாயம். அப்படியென்றால் முனை 0.725-க்குக் குறையக் கூடாது. 0.650 முனையில் 5/8-24 வெட்டினால் தோள் பக்கத்துக்கு 0.0125 மட்டுமே. சப்ரஸர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் குண்டு உள்ளே உரசும்; தடுப்புத் தகடு கிழிந்த பிறகுதான் காரணம் புரியும்.

ஒல்லி முனைக்கு 1/2-28 வெட்டலாமே என்பார்கள். 6.5 துளையில் மரையின் அடியில் சுவர் 0.096 அங்குலம் மிஞ்சும், ஏதோ பரவாயில்லை. .308 துளையில் 0.074-தான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: 1/2-28 என்பது .22 காலிபர் சப்ரஸர்களின் மரை. .30 ரைஃபிளில் அதே மரை இருந்தால், என்றாவது ஒருநாள் யாராவது தவறான சப்ரஸரை மாட்டிச் சுட்டுவிடுவார்கள். .308-ல் ஒல்லியாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 9/16-24 இடைவழி, சுவர் 0.102 கிடைக்கும், ஆனால் முனை 0.663 இருந்தால்தான் 0.050 தோள். நம் 0.640-ல் அது சற்றுக் குறைவு; அடாப்டரைத் தோளோடு சேர்த்து உட்காரவைக்கும் கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) ஒப்புக்கொண்டால் மட்டுமே செய்யுங்கள். 6.5-இல் 0.640 முனைக்கு 1/2-28 மரையும் 0.070 தோளும் தாராளமாக அமையும். அடாப்டரில் காலிபரைப் பெரிதாகப் பொறித்துவையுங்கள். 0.550 முனையை மரை இல்லாமல், வெறும் கிரவுனோடு (துளை முடியும் முனை விளிம்பு) விட்டுவிடுவதே நல்லது.

சப்ரஸரின் பாரத்தையும் கணக்கிட வேண்டும். 0.550 அங்குலத்தில் ஒரே தடிமனாக ஓடும் 22 அங்குலக் குழாயின் முனையில் ஒரு பவுண்டைத் தொங்கவிட்டால் முனை ஆறரை எம்ஓஏ-க்கு (ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) மேல் கீழே சாயும். 0.750 குழாயில் இரண்டுக்கும் குறைவு. உண்மையான பேரல் பின்னால் தடித்திருப்பதால் சாய்வு இதைவிடக் குறையும், ஆனால் ஒல்லி பேரல்தான் அதிகம் சாயும். மாட்டியபடியே ஜீரோ செய்து (குண்டு படும் இடத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து), மாட்டியபடியே சுடுபவருக்கு இதில் நட்டமில்லை. மாட்டியும் கழற்றியும் சுடுபவருக்கு ஒல்லி பேரல் தலைவலி. கழற்றினால் குண்டு எங்கே போகிறது என்று தனியாகச் சுட்டு, ஸ்கோப்பின் கிளிக் எண்ணை ஸ்டாக்கில் ஒட்டிவைக்க வேண்டியிருக்கும்.

ஃப்ளூட் விஷயத்தில் ஒரு பொய் நெடுநாளாக ஓடுகிறது: வெட்டினால் பேரல் விறைக்கும் என்று. எஃகை எடுத்தால் எதுவும் விறைக்காது. சரியான வாக்கியம் இது: ஒரே எடையில் இரண்டு பேரல்கள் இருந்தால், தடித்து ஃப்ளூட் வெட்டியது, ஒல்லியாக வழவழப்பாக இருப்பதைவிட விறைப்பு. ஆறு பள்ளம், 0.080 ஆழம், பதினைந்து அங்குல நீளம் என்று வைத்தால் மிச்சம் சுமார் 135 கிராம். பரவாயில்லாத எண்தான். ஆனால் பட்டன் ரைஃப்ளிங் (துளைக்குள் கடினமான பட்டனை இழுத்துச் சுழல்வரி பதிக்கும் முறை) செய்த பேரலில் பிற்பாடு பள்ளம் வெட்டினால் துளையின் அளவே நகரக்கூடும், உள் இறுக்கம் ஒரு பக்கமாக விடுபடும். ஃப்ளூட் வேண்டுமென்றால் பேரல் செய்தவரே வெட்டித் தரட்டும். அவர் தன் வெப்பச் சிகிச்சையையும் லேப்பிங்கையும் (துளையைத் தேய்த்து மெருகிடுவது) அதற்கேற்ப வைத்திருப்பார். வேறொரு லேத்துக் கடையில் மலிவாக வெட்டிக்கொண்டு போனால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும். 0.600-க்குக் குறைந்த முனையில் ஃப்ளூட் வீண்செலவு, அங்கே எடுக்க எஃகே இல்லை.

கார்பன் பேரலைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். மொன்டானாவின் ப்ரூஃப் ரிசர்ச், யூட்டாவின் கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் போன்றவர்கள் ஒல்லியான எஃகு உட்குழாயின் மேல் கார்பன் நாரைப் பிசினோடு சுற்றுகிறார்கள். விளம்பரத்தில் வரும் எடைக்குறைப்பு, அதே வெளிவிட்டமுள்ள எஃகு பேரலோடு ஒப்பிட்டது. அதே விட்டத்தில் எஃகு வாங்கப்போகிறவர் இலக்குச் சுடுபவர், மலையேறுபவர் அல்லர். மலையேறுபவர் ஒப்பிட வேண்டியது ஒல்லி எஃகோடு. அங்கே கார்பன் தோற்கும், அல்லது சமனாகும். விலை எஃகைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும்.

அப்படியானால் எதற்குக் கார்பன்? ஸ்போர்ட்டர் எடையில் தடித்த முனை கிடைக்கிறது, 5/8-24 மரை முழுத் தோளோடு உட்காருகிறது, சப்ரஸர் தொங்கினாலும் சாய்வு குறைவு. எப்போதும் சப்ரஸரோடு வேட்டையாடுபவருக்கு அது கொடுத்த காசுக்குத் தகும். மற்றவர்களுக்குத் தகாது. வாங்குபவர் மறக்கக்கூடாத இரண்டு: ஸ்டாக் வாய்க்கால் (பேரல் படுக்கும் பள்ளம்) அகலமாக வேண்டும், அதனால் ஸ்டாக்கிலும் முன்பக்கம் தடிக்கும், பக்கத்து கன்ஸ்மித்திடம் கொடுத்து நினைத்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ளவும் முடியாது, எனவே நீளத்தை முதலிலேயே சரியாகச் சொல்லி வாங்க வேண்டும்.

எஃகில் குரோமோலி 4140-ஆ, 416ஆர் ஸ்டெயின்லெஸ்-ஆ என்ற கேள்வி ஒல்லி பேரலில் மட்டும் கொஞ்சம் கூர்மையாகிறது. ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நன்று, ஆனால் இந்த வகையில் எளிதாகக் கடைய கந்தகம் சேர்க்கப்படுவதால் கடுங்குளிரில் தாக்குதலைத் தாங்கும் திறன் குறைகிறது. சில தயாரிப்பாளர்கள் ஒல்லி காண்டூர் ஸ்டெயின்லெஸை உறைநிலைக்கு வெகு கீழே பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியே வைக்கிறார்கள். அலாஸ்காவிலோ கனடாவின் வடக்கிலோ குளிர்கால வேட்டைக்குப் போகும் ரைஃபிள் என்றால் குரோமோலி வாங்கி மேலே செராகோட் பூச்சு அடியுங்கள். ஓரிகனில் செப்டம்பர் வேட்டைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ரைஃப்ளிங் முறையும் இங்கே முக்கியம். தடித்த இலக்கு பேரலில் பட்டனா, கட்டா (வரியைச் சீவி வெட்டும் முறை) என்று பார்ப்பது கிட்டத்தட்ட ருசி சார்ந்த விஷயம். ஒல்லி பேரலில் அப்படியில்லை. பட்டன் அழுத்தி இழுக்கும்போது எஃகில் இறுக்கம் தங்குகிறது. அது சரியாக நீக்கப்படாமல் வெளியே கடைந்து ஒல்லியாக்கினால் முனைப் பக்கம் துளை லேசாக விரியும், சூடேறும்போது பேரல் ஒரு பக்கமாக நகரும். கட் ரைஃப்ளிங்கில் இந்த இறுக்கம் குறைவு. க்ரீகரும் பார்ட்லைனும் கட் செய்பவர்கள். ஷைலன், லில்ஜா பட்டன் செய்பவர்கள். நல்ல பட்டன் பேரல் நன்றாகவே சுடும். கேட்க வேண்டியது, வெளியே கடைந்த பிறகு லேப் செய்கிறீர்களா, முன்பா என்பதை. பிறகு என்று பதில் வந்தால் நிம்மதி.

ஸ்டாக்கில் வாய்க்கால் இடைவெளியை ஒரு டாலர் நோட்டை நுழைத்துப் பார்ப்பது பழக்கம். ஒல்லி பேரலுக்கு அது பற்றாது, அதிர்வில் அது ஸ்டாக்கைத் தொடும். 0.060 முதல் 0.080 அங்குலம் விடுங்கள். பொருந்தாத வாய்க்காலும் அடிக்கடி நடக்கும் தவறு: தடித்த வார்மின்ட் பேரலுக்கான வாய்க்காலுள்ள ஸ்டாக்கை முதலில் வாங்கிவிட்டு, பிறகு ஒல்லி பேரலை வைத்தால் இரு பக்கமும் பென்சில் நுழையும். பேரல் வரைபடத்தை ஸ்டாக் செய்பவருக்கு அனுப்பிய பிறகே பணம் கட்டுங்கள். பேரல் ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்கவிடுவது மட்டுமே வழி என்றும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் தன் அல்ட்ரா லைட் ரைஃபிள்களில் விறைப்பான கூட்டுப்பொருள் ஸ்டாக்கோடு பேரலை முழு நீளமும் ஒட்டி உட்காரவைத்தார். அவை நன்றாகச் சுட்டன. அந்த வழிக்கு ஸ்டாக் கல்லாக இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் ஸ்டாக்கில் அதை முயன்றால் ஈரமும் சூடும் ஜீரோவைக் கெடுக்கும்.

பொருத்தும் வேலையில் ரெமிங்டன் 700-க்கு 1 1/16-16 மரை, 1.2 அங்குல ஷேங்க். ரீகாயில் லக் (உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் தகடு) கனத்தைக் கன்ஸ்மித்திடம் எழுத்தில் சொல்லுங்கள், 0.187 என்று அவர் நினைத்து வெட்டியபின் 0.250 லக்கை நீட்டினால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் இடையிலான அளவு) தவறும். குட்டை ஷேங்க் வாங்கினால் வைஸில் பிடிக்க நேர் இடம் குறையும், சரிவில் பிடித்தால் வழுக்கிக் கோடு விழும். அந்தச் சரிவுக்கேற்ற புஷ்ஷிங் இருக்கிறதா என்று கேளுங்கள். .308-க்கு ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. எஜெக்டரை (வெற்றுறையை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிய போல்ட், கோ-வில் மூடி, நோ-கோ-வில் மூடாமல் நிற்க வேண்டும்.

இன்னும் எடை குறைய வேண்டும் என்றால் பேரலைத் தவிர மற்ற இடங்களைப் பாருங்கள். ஸ்கோப், ரிங், ஸ்டாக் மூன்றிலும் 300 கிராம் எடுப்பது எளிது, அதற்கு விறைப்பில் விலை இல்லை. மொத்த எடை ஏழு பவுண்டிலிருந்து ஆறு ஆனால் பின்னுதைப்பின் ஆற்றல் 17 சதவீதம் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்; .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 0.550 பேரலைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த சீசனுக்குள் ரைஃபிளை விற்கிறார்கள்.

ரைஃபிள் கைக்கு வந்ததும் ஐந்து குண்டு கூட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். லேசான பேரலின் வேலை முதல் மூன்று குண்டு. குளிர்ந்த பேரலில் மூன்று சுட்டு, கை வைத்தால் குளிர்ச்சி தெரியும்வரை ஆறவிட்டு, அதே தாளில் மீண்டும் மூன்று. இப்படி நான்கு சுற்று. பன்னிரண்டும் ஒரே இடத்தில் கூடினால் பேரல் தேறிவிட்டது. பிறகு வேண்டுமென்றே அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு குண்டு சுட்டு எங்கே நகர்கிறது என்று பாருங்கள். சூடேறச் சூடேற ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் நடந்தால் ஸ்டாக் தொடுகிறது, அல்லது பேரலில் இறுக்கம் இருக்கிறது. வாய்க்காலைச் சுரண்டி மறுபடி சுட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். திசையே இல்லாமல் சிதறினால் பேரலைக் குறை சொல்லும் முன் ஸ்கோப் ரிங் திருகுகளையும், ஆக்‌ஷன் திருகுகளையும், கிரவுனையும் பாருங்கள். குளிர்ந்த முதல் குண்டு மட்டும் எப்போதும் தனியாகப் போய், மற்ற இரண்டும் சேர்ந்தால், பேரலைச் சுத்தம் செய்தபின் விட்ட எண்ணெய் துளையில் மிச்சம் இருக்கிறதா என்று உலர்ந்த துணி ஓட்டிப் பாருங்கள்.